நிற்கும் காரின் வேகம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையில் தூறல். பத்து மணிக்கு வெயில். பிறகு மறுபடியும் தூறல், எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தவர்போல.

செய்ய வேண்டியவை:
தண்ணீர்த் தாங்கிக்கு மூடி.
அம்மாவுக்குக் கண் சொட்டு.
அலுவலகம்: மூன்றாம் பாத்தியின் நெல் விளைச்சல் எண்கள் நம்பும்படி இல்லை. மறுபடி நிறுக்கச் சொல்ல வேண்டும்.
ரகுவுக்குப் பதில்.

கடைசியைத்தான் தள்ளிக்கொண்டு வருகிறேன். தம்பி மெல்பர்னில் இருந்து படங்கள் அனுப்புகிறான். பிள்ளைகளின் படங்கள் அல்ல. அவன் போன் திரையின் படங்கள். வெள்ளையில் சிவப்பாக ஒரு எண்: 97. இன்னொன்றில் 88. இன்னொன்றில் 102. எல்லாம் அம்மா ஹுன்னஸ்கிரியவுக்குக் கார் ஓட்டிப் போய் வந்த வியாழக்கிழமைகள்.

போன மாதம் ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தான். தீப்பெட்டி அளவு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் துவாரத்தில் செருகினால் போதும். காரின் எஞ்சின் கணினியிடம் வேகத்தைக் கேட்டு, ரகுவின் போனுக்கும் என் போனுக்கும் உடனே சொல்லும். தானாக எதையும் அளக்காது. கணினி சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளி, அவ்வளவுதான். காரின் ஆரோக்கியத்துக்கு என்று அம்மாவிடம் சொல்லிச் செருகினோம். அம்மா தலையாட்டினார். தோட்டங்களில் காலமெல்லாம் மருத்துவிச்சியாக இருந்தவர். ஆரோக்கியத்துக்கு என்று சொல்லி மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா.

வயது எழுபத்து நான்கு. ஓட்டப் பழகியதே ஓய்வுபெற்ற பிறகு. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த சின்ன வெள்ளைக் கார். வியாழன்தோறும் காலையில் கிளம்பி மடவளை, திகன, தெல்தெனிய வழியாக மேலே. அங்கே பாக்கியம் அக்கா. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர், அம்மாவின் பழைய சிநேகிதி. சாயங்காலம் திரும்பிவிடுவார். என்ன பேசுகிறார்கள், வழியில் என்ன பார்க்கிறார் என்று நான் கேட்டதில்லை. நாங்கள் கேட்டுக்கொள்கிற குடும்பம் அல்ல.

அம்மா 97-இல் போவார் என்று நம்ப முடியவில்லை. ஆனால் நம்ப முடியவில்லை என்பது ஓர் அளவீடு அல்ல. அலுவலகத்தில் மற்றவர்களுக்கு நான் சொல்வது அதுதான்.

ஒக்டோபர் 8, புதன்

மப்பு வானம். மழை இல்லை. மூடி வாங்கியாயிற்று, அளவு தப்பு.

ரகு பேசினான். பதற்றமாக இருக்கும்போது அவன் குரல் அப்பாவின் குரல்போலாகிவிடுகிறது. அந்தப் பாதையின் வளைவுகளைப் பற்றி, மெல்பர்னில் வயதானவர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு என்பதைப் பற்றி, கலகெதரவில் ஒரு கடைக்காரர் சின்னக் கார் தேடுகிறார் என்பதைப் பற்றி. எல்லாம் முடிந்து கடைசியில், "அக்கா, ஒரு வியாழக்கிழம அவங்க காரோட கீழ போயிட்டா, எனக்கு முதல்ல இந்தப் போன்தான் சொல்லும். நீங்க சொல்றதுக்கு முன்னாடி. அத யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன்.

சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் கார்ச் சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெறும் ஆணியைப் பார்த்தார். பிறகு கீரையைப் பார்த்தார்.

ஒக்டோபர் 9, வியாழன்

விடியும்போதே மழை.

அம்மா வழக்கம்போல ஆறு மணிக்கே சேலை கட்டி, பவுடர் போட்டு, முன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் எள்ளுருண்டைப் பொட்டலம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ப் பாக்கியம் அக்காவுக்குப் போன் செய்தார். மழை என்றார். அங்கே மழை இல்லை என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். "இங்க மழை" என்று மறுபடியும் சொன்னார்.

நான் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்க்காமல்: "நான் அவ்வளவு வேகமாப் போறதில்ல, செல்வி."

யார் சொன்னது என்றும் கேட்கவில்லை, எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. கறுப்புப் பெட்டியின் வேலை அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

பிறகு இன்னொன்றும் சொன்னார். மேலே பனி விழுந்தால் காருக்கு மூச்சு வாங்குமாம், அதனால் இன்னும் மெதுவாகத்தான் போவாராம். வண்டிக்கு மூச்சா என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன். பிள்ளைப்பேறு பார்த்த கைக்கு எல்லாமே மூச்சு விடும்.

பஸ்ஸில் யன்னல் ஓரம். மகாவலி கலங்கி, மெதுவாக. ஆறு என்ன வேகத்தில் போகிறது என்று கரையில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஆற்றுக்குத் தெரியாது. பைக்குள் சாவி, ஒரு சின்ன விலங்குபோல, பஸ் குலுங்கும்போதெல்லாம் திரும்பிப் படுத்தது.

ஒக்டோபர் 11, சனி

நல்ல வெயில். மலைகள் எல்லாம் கழுவி வைத்ததுபோல.

காரை மடவளைக்குக் கொண்டு போனோம், ரியாஸின் கராஜுக்கு. அம்மா ஓட்ட, நான் பக்கத்தில். (எனக்கு லைசன்ஸ் இருக்கிறது, அலுமாரியில்.) ரியாஸ்தான் இந்தக் காரை வாங்கிய நாளில் இருந்து பார்ப்பவர். என் வயதுதான். கொஞ்சம் பேசுவார், கொஞ்சம் கூடவே பேசுவார். அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து, பிளேன் டீ வரவழைத்து, பிறகுதான் என்னிடம் வந்தார்.

நான் எண்களைக் காட்டினேன். அவர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

விளக்கம் (நான் புரிந்துகொண்டபடி): கியர்ப் பெட்டியில் ஒரு சென்சர். சக்கரம் சுற்றச் சுற்ற அது மின்துடிப்புகள் அனுப்பும். துடிப்பு முதலில் ஸ்பீட் மீட்டருக்கு, அங்கிருந்து இன்னொரு வயரில் எஞ்சின் கணினிக்கு. கணினி துடிப்புகளை எண்ணும், அதுதான் வேகம். சென்சர் கெட்டால் எண்ணிக்கை கெடும்.

சென்சர்தான் என்று தீர்ப்புச் சொன்னார். கழற்றினார், துடைத்தார், தலையை ஆட்டினார், வேறொன்று போட்டார். பிறகு அவர் ஓட்ட, நான் போனைப் பார்க்க, கட்டுகஸ்தோட்டை வரை போய் வந்தோம். முள் 40, போன் 40. முள் 55, போன் 55. கழற்றிய பழைய சென்சரையே திரும்பப் போட்டும் ஓடினோம். அதே ஒற்றுமை. கராஜின் சொந்தக் கருவியைச் செருகிப் பார்த்தார். அதுவும் அதையே சொன்னது. டாஷ்போர்டில் அம்மாவின் பிளாஸ்டிக் பிள்ளையார் விளக்கு எரியாமல், மத்தியானத் தூக்கம்போல உட்கார்ந்திருந்தார்.

"வண்டி பொய் சொல்ல இல்ல மிஸ். சென்சரும் நல்லம், பொக்ஸும் நல்லம்." குரலைத் தணித்துக்கொண்டார். "அம்மாட வயசுக்கு... மேல போற ரோட்டுல இறக்கம் இரிக்கிதானே. அவங்களுக்கே தெரியாம கால் அழுந்தும்."

கருவி குற்றமற்றது என்று நிரூபிக்கப்பட்டால், ஓட்டுபவர் குற்றவாளி. இது தர்க்கம். இதற்காகத்தான் நான் பட்டம் வாங்கினேன்.

திரும்பும்போது அம்மா கேட்டார், என்ன சொன்னார் ரியாஸ் தம்பி என்று. கார் நல்லதாம் என்றேன். அம்மா சிரித்த முகமாகத்தான் ஓட்டினார், வத்தேகம திருப்பத்துக்கு முன்னால் ஒரு மாட்டுக்கு வழி விட்டார். நாங்கள் இருபத்தெட்டில் போய்க்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான், கார் நல்லது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். முகம் அப்படியே இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மாலையில் இடி. மழை வரவில்லை.

ரகுவிடம் சொன்னேன். அவன் வென்றதுபோலப் பேசவில்லை, அதற்காக அவனுக்கு நன்றி. கலகெதர கடைக்காரர் அடுத்த சனிக்கிழமை கார் பார்க்க வருகிறார்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். என் சட்டையின் கை இரண்டையும் பின்னால் மடித்து, நீவி, அடுக்கில் வைத்த பிறகு: "வியாழக்கிழம ஒரு தடவ போய்ட்டு வந்துர்றேன். பாக்கியத்துக்கு நேர்ல சொல்லணும். நீயும் வா. நீ பக்கத்துல இருந்தா நான் பறக்க மாட்டேன்தானே."

குத்தலா, இல்லையா. அம்மாவின் குத்தல்கள் மடித்து அடுக்கி வைத்தவை. எது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வெயில், காற்று. மூன்றாம் பாத்தி: தராசு சரி, நிறுத்தவரும் சரி. ஈரத்தோடு நிறுத்திருக்கிறார்கள். காய்ந்த நெல்லும் ஈர நெல்லும் ஒரே எண்ணில் எழுதப்படுகின்றன. சரியான தராசும் தப்பான எண் சொல்லும் என்று சக ஊழியரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு ஏதோ ஒன்று நினைவுக்கு வர இருந்தது. வரவில்லை. தேநீர் வந்தது.

வீட்டில் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். கார் போகலாம், பிள்ளையார் போகக் கூடாது. அது ஆவணிச் சதுர்த்திக்கு வாங்கியது. உள்ளே விளக்கு, நீலம் ஊதாவாகி, ஊதா ரோஜாவாகி, மறுபடி நீலமாகும். கடைத்தெருவில் ஓட்டோக்களில் எல்லாம் புத்தரும் பிள்ளையாரும் இப்படித்தான் நிறம் மாறிக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பிடிக்காது. அம்மாவுக்குக் கொள்ளை ஆசை. எங்கள் சந்தி ஓட்டோ ஸ்டாண்டில் சுனில் என்பவர்தான் எல்லா ஓட்டோவுக்கும் சாமி விளக்குப் பூட்டுபவர். வாங்கியபோதே அவரைக் கூப்பிட்டு, காரின் விளக்குகளைப் போட்டால் பிள்ளையாரும் எரியும்படி செய்து வைத்திருக்கிறார்.

இரவில் வருகிற பஸ்களின் சாமி மாதிரி இருக்கிறது என்றேன்.

"பனிக்குள்ள தனியா இருக்கப்ப தெரியும்" என்றார் அம்மா.

அம்மா தனியாக இருக்கிறாரா? போவது ஒன்றரை மணி நேரப் பாதை, வழியெல்லாம் ஊர்கள். பனிக்குள்ளே எங்கே இருக்கிறார்?

ஒக்டோபர் 16, வியாழன்

இன்றையதை ஒழுங்காக எழுத வேண்டும். கை இன்னும் ஈரமாக இருப்பதுபோல.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். திகன தாண்டும்வரை வெயில். என் மடியில் போன். முள் 34, போன் 34. முள் 29, போன் 29. இரண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலக் கை கோத்துக்கொண்டு வந்தன. தெல்தெனியவில் நீர்த்தேக்கம் கீழே தகடுபோல. அதற்கு மேல் ஏற்றம். தேயிலை. யூக்கலிப்டஸ் வாசம். பிறகு, கதவைத் திறந்து இன்னொரு அறைக்குள் போனதுபோல, பனி.

அம்மா விளக்கைப் போட்டார். பிள்ளையார் நீலமாக விழித்துக்கொண்டார்.

போனில் 74.

முள்ளைப் பார்த்தேன். 25. போன் 81. எஞ்சின் சத்தம் ஒரு பிடி கூடி, இறங்கி, மறுபடி கூடியது. "பாத்தியா, மூச்சு வாங்குது" என்றார் அம்மா. காலை எடுத்துவிட்டு, மதகு ஒன்றின் பக்கத்தில், இரண்டு சக்கரம் புல்லில் இருக்கும்படி ஒதுக்கி நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்தார். இரு பக்கமும் சிமிட்டும் விளக்குகள்.

"பனி விலகினாத்தான் எடுப்பேன். எப்பவும் இங்கதான் நிப்பாட்டுறது."

எப்பவும். ஒவ்வொரு வியாழனும் அம்மா இங்கே நிற்கிறார். நான் அலுவலகத்தில் நெல் எண்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போது.

போன் 46 என்றது. 52. 58. பிள்ளையார் ஊதா. பிறகு ரோஜா. 49. 41. வெளியே ஒன்றுமில்லை. மரம் இல்லை, பாதை இல்லை, காரின் மூக்கு இல்லை. பனி கண்ணாடியை ஒட்டி நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. வைப்பர் ஒரு கோடு துடைத்தால் அந்தக் கோட்டுக்குப் பின்னாலும் அதே வெள்ளை.

"அம்மா, நாம நிக்கிறோமா?"

"நிக்கிறோம் செல்வி."

"நல்லாத் தெரியுமா?"

"பிரேக்கு இழுத்திருக்கு. ஏன், உனக்குப் போற மாதிரி இருக்கா?"

இருந்தது. உண்மையாகவே இருந்தது. ஐம்பத்திரண்டு என்ற எண் கையில் இருக்கும்போது, உடம்பு அதை நம்பிவிடுகிறது. இருக்கைக்குக் கீழே பூமி ஐம்பத்திரண்டில் நழுவியது. எங்கே போகிறோம் என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மா ஓட்டவில்லை, கைகள் மடியில், எள்ளுருண்டைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன, ஆனாலும் போகிறோம். வாழ்நாளில் நான் இவ்வளவு அமைதியாகப் பயணம் செய்ததில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. எண்களைச் சந்தேகிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள்.

பிறகு புத்தி திரும்பியது. நிற்கிற கார். 52. இதை ரகுவின் போனும் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும்.

வைப்பரை நிறுத்தச் சொன்னேன். 47. செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வராமல் போனது இப்போது வந்தது: மூன்றாம் பாத்தி, ஈர நெல். வெயிலில் சரி, பனியில் பிழை. பனியில் அம்மா செய்வது என்ன? விளக்கை அணைக்கச் சொன்னேன்.

பிள்ளையார் அணைந்தார். போன்: 0.

போடச் சொன்னேன். நீலம். 46.

அணைக்க. 0. எஞ்சின் மூச்சும் அடங்கியது.

போட. 51.

"என்னா விளையாட்டு இது" என்றார் அம்மா. ஆனால் அவர் கண்ணும் போனில்தான். நான் சொன்னேன், கணினி துடிப்புகளை எண்ணுகிறது என்று. எங்கேயோ இந்த விளக்கின் துடிப்பும் அதற்குள் போகிறது, அது அதைச் சக்கரம் என்று எண்ணிக்கொள்கிறது. நீங்கள் மெதுவாகப் போகிற இடத்தில்தான் அது உங்களைப் பறக்க வைக்கிறது.

அம்மா பிள்ளையாரை நன்றாகப் பார்த்தார்.

"அப்ப ஓடினது நான் இல்ல, இவரு." எள்ளுருண்டை ஒன்றை என் கையில் வைத்தார். "உக்காந்த எடத்துலயே உலகத்தச் சுத்தி வந்தவருதானே. அம்பத்தி ரெண்டு எல்லாம் இவருக்கு ஒரு வேகமா."

சிரித்தோம். சத்தமாக அல்ல. பனிக்குள் சத்தமாகச் சிரிக்க முடியாது.

பாக்கியம் அக்கா வீட்டில் ரொட்டி, கட்டைச் சம்பல். கார் விற்கும் செய்தியை அம்மா சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லாமல் விட்டார்.

ஒக்டோபர் 17, வெள்ளி

இடைவிட்ட மழை. அரை நாள் லீவு.

ஜும்மா முடிந்து கராஜ் திறக்கும்வரை காருக்குள் காத்திருந்தோம். ரியாஸ் வந்ததும் ஒன்றும் சொல்லாமல், கார் நிற்க, எஞ்சின் ஓட, விளக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் போனைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், மறுபடி போனை. குனிந்து காருக்கு அடியில்கூடப் பார்த்தார்.

மீட்டருக்குக் கீழே பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் முனகல். பிறகு சிரிப்பு. மீட்டரில் இருந்து கணினிக்குப் போகும் வேக வயர் மெல்லியது. வெளித் துடிப்புகள் அண்டாமல் இருக்க அதைச் சுற்றி ஓர் உறை, அந்த உறை ஓரிடத்தில் காரின் இரும்போடு எர்த் ஆகியிருக்கும். சுனில் அந்த எர்த்தைப் பிரித்து, பிள்ளையாரின் கறுப்பு வயரை அதனோடு முறுக்கி, நன்றாக டேப் சுற்றி விட்டிருக்கிறார். கறுப்பு, எனவே எர்த். நிறம் மாறும் விளக்கு நொடிக்கு எத்தனையோ தடவை அணைந்து அணைந்து எரிவது. அந்தத் துடிப்பு முழுவதும் நேராகக் கணினிக்கு. முள்ளுக்குப் போகும் வழியில் அது இல்லை, அதனால் முள் மட்டும் உண்மை பேசியிருக்கிறது.

"அவன்ல பிழை இல்ல மிஸ். ஓட்டோவில இரும்பெல்லாம் எர்த், எங்க முடிஞ்சாலும் லைட் பத்தும். இதில கொம்பியூட்டர் இரிக்கி எண்டு அவனுக்கு யார் சொன்ன?" பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல்: "நானும் வெயில்ல லைட் போடாமத்தானே பாத்த."

நானும்தான். நாங்கள் இருவரும் அம்மாவின் காரைச் சோதித்தோம், அம்மாவின் பாதையைச் சோதிக்கவில்லை.

விளக்கையே எடுத்துவிடலாம், அதுதான் லேசு என்றார் ரியாஸ். அம்மா கதிரையில் இருந்தபடி "இல்ல தம்பி" என்றார். பிள்ளையாருக்குத் தனி வயர், காரின் இரும்பு உடம்பில் ஒரு போல்ட்டில் தனி எர்த். வேக வயரின் உறைக்கு அதன் பழைய எர்த். விளக்குப் போட்டால் நீலம், ஊதா, ரோஜா. போன்: 0. 0. 0.

அம்மா குனிந்து பார்த்தார். "இப்ப இவரு நிக்கிறாரா" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு இரண்டு முட்டை. அம்மாவின் மன்னிப்பா, வெற்றி விழாவா, முட்டை பழசாகிறதா. கேட்கவில்லை.

ஒக்டோபர் 18, சனி

வெயில். கடைக்காரர் வரவில்லை. நான் காலையிலேயே ரகுவிடம் பேசி, வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

ரகு நம்பவில்லை. பிள்ளையார் விளக்கு என்று ஆரம்பித்ததுமே இடைமறித்தான். போன வாரம் கராஜ்காரர் கார் நல்லது என்றார், இந்த வாரம் சாமி மேல் பழி. "அக்கா, நீங்க அம்மா பக்கம் சாயிறீங்க. நீங்க ஒருத்தர் பக்கமும் சாயாத ஆளு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

கடைசியில் ஒத்துக்கொண்டது: கடைக்காரரைப் பிறகு வரச் சொல்கிறான், ரத்து அல்ல. வருகிற வியாழன் அம்மா போகட்டும், நானும் கூட. பெட்டி செருகியபடியே இருக்கட்டும். அவன் அங்கிருந்து பார்ப்பான். அதுவரை சாவி என் பையில்.

நியாயம்தான். நானாக இருந்தாலும் மறுபடி அளக்கத்தான் சொல்லியிருப்பேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியலில் எண்ணெய், பிறகு மழை, ஊர் முழுதும் நனைந்த வெடியின் வாசம். ரியாஸ் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பினோம். சுனிலுக்கும். அம்மாதான் சுனிலுக்கும் என்றார். அவர் என்ன பிழை செய்தார் என்று சொல்லக் கூடாது என்றும்.

ரகு பிள்ளைகளோடு திரையில் வந்தான். எல்லோரும் காரைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். சின்னவள் மட்டும், அப்பம்மா நீங்கள் ரேஸ் ஓடுகிறீர்களாமே என்றாள்.

ஒக்டோபர் 23, வியாழன்

மப்பு. காற்றில்லை.

அதே நேரம், அதே பாதை. பையில் இருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். அம்மா வாங்கி, சேலைத் தலைப்பில் ஒரு தடவை துடைத்தார்.

31. 28. 34. மடவளையில் பள்ளிவாசல் சந்தியில் பஸ்ஸுக்குப் பின்னால் 9. தெல்தெனிய ஏற்றத்தில் 26. பனி. அம்மா விளக்கைப் போட்டார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நீலம். 24. முள்ளிலும் 24. எஞ்சின் ஒரே சீராக. அம்மா எனக்குத் தெரியாமல் போனை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

மதகு. இரண்டு சக்கரம் புல்லில். கைப்பிரேக். போன்: 0.

எள்ளுருண்டை. பனி.

விசித்திரம் என்னவென்றால், போன வாரம் 52 என்றபோது போவதுபோல இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இன்று 0. ஆனாலும் பனி நழுவ நழுவ, கார் மெல்லப் பின்னோக்கிப் போவதுபோலவே இருந்தது. தெல்தெனிய, திகன, மடவளை எல்லாவற்றையும் தாண்டி, ஆற்றுக்கும் அந்தப் பக்கம். எண் சரியாகிவிட்டால் இந்த உணர்வு நின்றுவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலும். நிற்கவில்லை. அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

அம்மா என்னைப் பார்க்காமல், இங்கே நிற்கும்போது ஒன்றும் நினைப்பதில்லை என்றார். வாரம் முழுதும் ஏதாவது நினைக்க வேண்டியிருக்கிறது, இங்கே வேண்டியதில்லை. அவ்வளவுதான். நான் தலையாட்டினேன்.

அப்போதுதான் போன் அடித்தது. ரகு. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அக்கா, சைபர்ல நிக்குது. ரொம்ப நேரமா. அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

"கார் பழுதா?"

"இல்ல. பனி. விலகினாத்தான் அம்மா எடுப்பாங்க."

"என்ன பண்றீங்க அங்க?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்."

"என்னத்த?"

"ஒண்ணுமே தெரியல."

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ வாகனங்கள் போகும் இரைச்சல், அவனுடைய ஊர்.

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் இப்படி நிப்பாங்களா?"

"ஒவ்வொரு வியாழக்கிழமையும். இதே எடத்துல."

"அப்ப அந்த தொண்ணூறு, நூறு எல்லாம்…"

"இந்தப் பனிக்குள்ள வந்தது. ஊர்ந்து வர்றப்ப தொண்ணூறு. நின்ன பிறகும் அம்பது. இத்தன நாளும் அவங்க நின்னது உனக்குத் தெரியவே இல்ல."

பழைய ரகுவின் குரலில், அப்பாவின் குரலில் அல்ல: "கலகெதர ஆளுக்கு நான் சொல்லிர்றேன். வேணாம்னு."

அம்மா இவ்வளவு நேரமும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் ரோஜாவில் இருந்து நீலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். "அங்க பனியான்னு கேளு" என்றார்.

கேட்டேன். இல்லை, நல்ல வெயிலாம்.

"பாவம்" என்றார் அம்மா.

பனி விலகிய பிறகு மேலே போனோம், ரொட்டி சாப்பிட்டோம், திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா நேராகப் போய்ச் சாவியை ஆணியில் மாட்டினார். நான் கைப்பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.